சுவரில் ஓதம், நெஞ்சில் இளைப்பு

ஐப்பசி மழை நாலைந்து நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும், படுக்கையறையின் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவைச் சற்று முன்னால் இழுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். எமல்ஷன் பெயின்ட் அங்கங்கே கொப்புளமாக எழும்பியிருக்கும். விரலால் அழுத்தினால் அடியிலிருக்கும் பட்டி ஈர மாவாக உதிரும். அதைச் சுற்றிக் கடுகளவில் கரும்புள்ளிகள், சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாக. பீரோவைத் திறந்தால் மடித்து வைத்த துணியிலும் தோல் பையிலும் மக்கிய வாடை. இதைக் கண்டவர்களில் பெரும்பாலோர், மழைக்காலம் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதன் மேலேயே ஒரு கோட் அடித்து மறைத்துவிடுகிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கையைப் படித்துப் பதறி, அது விஷப் பூஞ்சையா என்று சோதிக்க ஆள் தேடுகிறார்கள். மருந்து தெளிக்கப் பணம் கொடுக்கிறார்கள். முதல் வகையினர் ஆபத்தைக் குறைத்து எடைபோடுகிறார்கள், இரண்டாம் வகையினர் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். உடம்பைக் கெடுப்பது இன்ன நிறத்துப் பூஞ்சை என்று ஒன்றைத் தனியே பிரித்துக் காட்ட இதுவரை எந்த ஆய்வாலும் முடியவில்லை. ஈரம் தங்கும் வீட்டில் நுரையீரல் நோய் கூடுகிறது என்பதோ உறுதியாகத் தெரிகிறது. ஆகவே பணமும் உழைப்பும் முதலில் போக வேண்டிய இடம், தண்ணீர் வரும் வழி. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு முடிவுக்கான காரணங்களும், அதைச் செயல்படுத்தும் வழிகளும்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

பூஞ்சை வித்துக்கள் இல்லாத காற்று பூமியில் எங்கும் இல்லை. மண்ணிலிருந்தும் உதிர்ந்த இலைகளிலிருந்தும் அவை எந்நேரமும் கிளம்பி, சன்னல் வழியாக உள்ளே வந்தபடியே இருக்கின்றன. அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா ஆகியவை வீடுகளில் அதிகம் காணப்படுபவை. வித்து வந்து விழுவதால் மட்டும் எதுவும் முளைப்பதில்லை. அதற்கு உணவும் ஈரமும் வேண்டும். உணவுக்குப் பஞ்சமே இல்லை: சுவரில் படிந்த தூசி, பெயின்ட்டில் உள்ள பசைப்பொருள், பிளைவுட், அட்டை, துணி எல்லாமே அதற்குத் தீனி. ஈரம் ஒன்றுதான் அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் சுமார் 80 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் வளர்ச்சி தொடங்கிவிடும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது இதனால்தான்.

வளர்ந்த பூஞ்சை மூன்று விதமாக உடம்பைத் தொல்லைப்படுத்துகிறது. முதலாவது ஒவ்வாமை. வித்துக்களிலும் இழைகளின் துணுக்குகளிலும் உள்ள புரதங்களை எதிரி என்று கருதும் உடல்வாகு உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இளைப்பு வருகின்றன. ஆல்டர்னேரியா போன்றவற்றின் வித்து பெரியது, பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். அஸ்பெர்ஜில்லஸ் வித்து இரண்டு மூன்று மைக்ரான் அளவே இருப்பதால் நுரையீரலின் ஆழம் வரை இறங்கும். இரண்டாவது எரிச்சல். பூஞ்சையின் செல்சுவரில் உள்ள குளூக்கன் என்ற பொருளும், அது வெளியிடும் வாடையுள்ள வாயுக்களும், அதே ஈரத்தில் பெருகும் பாக்டீரியாக்களும் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் இருமலையும் தொண்டைக் கரகரப்பையும் உண்டாக்க வல்லவை. மூன்றாவது தொற்று. இது அரிது. புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் எனத் தற்காப்புச் சக்தி குன்றியவர்களிடம்தான் பூஞ்சை நுரையீரலுக்குள் வேரூன்றும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் இரண்டு வகைத் தொல்லைக்கும் பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. செத்த வித்திலும் அந்தப் புரதம் இருக்கிறது, அந்தக் குளூக்கனும் இருக்கிறது. மருந்தடித்துக் கொன்றுவிட்டோம் என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை என்பதற்கு இதுவே முதல் காரணம்.

சான்றுகள் எவ்வளவு உறுதியானவை

2004இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, ஈர வீடுகளுக்கும் மூக்கு, தொண்டைத் தொல்லை, இருமல், இளைப்பு, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது முற்றுதல் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று முடிவு செய்தது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஈரம், பூஞ்சை பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. புதிதாக ஆஸ்துமா தோன்றுவதையும் சுவாசத் தொற்றுகளையும் அது பட்டியலில் சேர்த்தது. பல ஆய்வுகளின் எண்களை ஒன்றாகக் கூட்டிக் கணித்த 2007ஆம் ஆண்டின் ஆய்வொன்று, ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் சுவாசத் தொல்லைகள் 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுதல் என்று கண்டது. பின்லாந்தின் எஸ்ப்போ நகரில் சுமார் 2,000 குழந்தைகளை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் பூஞ்சை வாடை இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பின்னாளில் ஆஸ்துமா வருவது மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இங்கே வாடை முதலில் வந்தது, நோய் பிறகு வந்தது. ஆகவே நோயாளி உள்ள வீட்டில்தான் சுவரை உற்றுப் பார்க்கிறார்கள், அதனால்தான் இப்படித் தெரிகிறது என்ற சந்தேகத்துக்கு இந்த ஆய்வில் இடம் குறைவு.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. ஈரமான வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நெரிசல், சத்துக் குறைவு, அடுப்புப் புகை, சிகரெட் புகை எல்லாம் அங்கே சேர்ந்தே இருக்கும். பழியை ஏன் சுவரின் மேல் போட வேண்டும்? நல்ல ஆய்வுகள் வருமானத்தையும் புகைப் பழக்கத்தையும் கணக்கில் கழித்துவிட்டுத்தான் முடிவு சொல்கின்றன என்றாலும், கழித்தது போதுமா என்ற கேள்வி எஞ்சவே செய்யும். அதற்குச் சரியான விடை, வீட்டை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான். நியூசிலாந்தில் 1,350 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கும் முறையில் பாதி வீடுகளுக்கு முதலில் வெப்பக் காப்பு அமைத்தார்கள். வருமானமும் மனிதர்களும் அப்படியே இருக்க, வீடு மட்டும் வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் மாறியது. இளைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடும் நாட்களும் குறைந்தன. 2007இல் இது வெளியானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆஸ்துமா உள்ள 62 குழந்தைகளை வைத்துச் செய்த இன்னொரு சோதனை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. எல்லாக் குடும்பங்களுக்கும் மருத்துவ ஆலோசனை ஒன்றே. ஒரு பகுதியினரின் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒழுக்கை அடைத்து, நனைந்த பகுதிகளை நீக்கினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்கு ஓடும் நிலை வெகுவாகக் குறைந்தது. சுவர் உலர்ந்தால் நெஞ்சு தெளிகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

கருநிறம் பற்றிய பயம்

அதே கிளீவ்லாந்தில்தான் கரும்பூஞ்சைப் பயமும் பிறந்தது. 1993, 94ஆம் ஆண்டுகளில் அங்கே சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. அவர்கள் வீடுகளில் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்னும் கரும்பச்சைப் பூஞ்சை காணப்பட்டதால், அது சுரக்கும் நஞ்சே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கைகள் கூறின. 2000இல் அதே மையம் அந்த ஆய்வை மறுபடி அலசி, முறைகளில் குறைகள் இருந்தன, தொடர்பு நிரூபணமாகவில்லை என்று திருத்திக்கொண்டது. ஆனால் திருத்தம் செய்திக்குப் பின்னால் நொண்டிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது. நினைவிழப்பு முதல் தீராத அசதி வரை எல்லாவற்றுக்கும் கரும்பூஞ்சையைக் காரணம் காட்டும் பேச்சு இன்றும் ஓயவில்லை. அவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று மருத்துவக் கழகத்தின் 2004 அறிக்கையே சொல்கிறது. தவிர, ஸ்டாக்கிபோட்ரிஸ் சொதசொதவென்று நனைந்த காகித, மரநார்ப் பொருள்களில் வளர்வது. நம் செங்கல், சிமென்ட் சுவரில் கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் போன்ற சாதாரண இனங்கள். நிறத்தைப் பார்த்து நஞ்சை அறிய முடியாது. வெள்ளையும் பச்சையும் சாதுவானவை என்பதும் கிடையாது.

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்கு இன்னொரு வேர் உண்டு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அது மியூக்கார்மைக்கோசிஸ். மியூக்கோரேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பூஞ்சைகள் மண்ணிலும் அழுகும் பழத்திலும் இயல்பாக இருப்பவை. கட்டுக்கு மீறிய சர்க்கரையும் அளவு கடந்த ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில் அவை புகுந்ததே அந்தப் பேரழிவு. பாதிக்கப்பட்ட திசு செத்துக் கருப்பதால்தான் அந்த நோய்க்கு அப்பெயர். குளியலறை மூலையில் தெரியும் கரும்புள்ளிக்கும் அதற்கும் உறவில்லை. இருந்தாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும், ஸ்டீராய்டு எடுப்பவர்களும் பூஞ்சைச் சுவரைத் தாங்களே சுரண்டாமல் பிறரை வைத்துச் செய்வது நல்லது.

நம் ஊருக்கு இது பொருந்துமா

மேலே சொன்ன ஆய்வுகள் குளிர்நாடுகளில் நடந்தவை, வெயில் கொளுத்தும் ஊருக்கு அவை எதற்கு என்று கேட்கலாம். ஈரம் வரும் வழி அங்கே வேறு, இங்கே வேறு என்பது உண்மை. அங்கே குளிர்காலத்தில் பூட்டிய வீட்டுக்குள் மூச்சும் சமையலும் விடும் நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. இங்கே மொட்டைமாடி ஒழுக்கு, தரையிலிருந்து ஏறும் ஓதம், குளியலறைக் கசிவு, ஏசி. ஆனால் வளரும் பூஞ்சை அதேதான், அதை இழுக்கும் நுரையீரலும் அதேதான். இந்தியச் சான்றுகளும் இல்லாமல் இல்லை. நம் நாட்டின் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து நுரையீரல் திசு இறுகும் நோய்கள் பற்றி நடத்திய பதிவேட்டு ஆய்வு 2017இல் வெளியானது. அதில் சேர்ந்த 1,084 நோயாளிகளில் 47 விழுக்காட்டினருக்கு இருந்தது, மூச்சில் இழுக்கும் பொருளுக்கு எதிராக நுரையீரல் அழற்சி கொள்ளும் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். கூலரின் மூன்று பக்கத் தட்டிகளும் கோடை முழுக்க நனைந்தே இருக்கும். தொட்டித் தண்ணீர் மாற்றப்படாமல் வழவழவென்று பாசி பிடித்துக் கிடக்கும். அதன் வழியாக விசிறி இழுத்த காற்றுதான் இரவெல்லாம் முகத்தில் அடிக்கிறது. கூலர்தான் காரணம் என்று இந்த ஆய்வு மட்டுமே நிறுவிவிடாது, நோய் கணிப்பு முறை பற்றியும் விவாதம் உண்டு. ஆனாலும் வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் காயவைக்கவும், பருவம்தோறும் தட்டியை மாற்றவும் இந்த அளவு எச்சரிக்கையே போதும்.

இன்னொரு மறுப்பை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்: நாங்கள் எல்லாம் ஒழுகுகிற வீட்டில்தானே வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது? ஆபத்து எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. ஒரே அறையில் படுக்கும் இரு பிள்ளைகளில் ஒருவனுக்கு இளைப்பு வரும், மற்றவன் துள்ளி விளையாடுவான். மேலும் அந்தக் காலத்து வீடு வேறு. ஓட்டுக்கூரையின் இடுக்குகளிலும் முற்றத்திலும் காற்று ஓயாமல் ஓடியது. ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவர் குடித்த ஈரத்தை வெளியே விடவும் அது தடையாக இருந்ததில்லை. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் பட்டியும் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனும் சுவரை மூடுகின்றன. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், சுவரோடு பதித்த பிளைவுட் அலமாரி, வால்பேப்பர் என்று பூஞ்சைக்குத் தீனியை நாமே ஏற்றி வைத்திருக்கிறோம். கொசுவுக்குப் பயந்தும் ஏசிக்காகவும் சன்னல் திறப்பதில்லை. பழைய வீட்டின் அனுபவத்தை இந்த வீட்டுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம்தானே, என்ன செய்து என்ன பயன் என்பது மூன்றாவது மறுப்பு. வெளிநாட்டுக் கையேடுகள் வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கின்றன. கார்த்திகை மாதச் சென்னையில் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் காற்றின் ஈரம் மட்டுமே காரணம் என்றால் வீட்டின் எல்லாச் சுவரும் ஒரே சீராகக் கருத்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் ஒரு மூலையில், ஒரு பீரோவின் பின்னால், ஒரு சன்னலுக்குக் கீழே மட்டும் பூஞ்சை பிடிக்கிறது. அந்த இடத்துக்கென்று தனியாகத் தண்ணீரோ குளிர்ச்சியோ காற்றுத் தடையோ இருக்கிறது என்பதே இதற்குப் பொருள். ஊர்க் காற்றை மாற்ற முடியாது, அந்த ஒரு மூலையை மாற்ற முடியும்.

ஈரம் வரும் வழியைக் கண்டுபிடித்தல்

காற்றில் எத்தனை வித்து என்று எண்ணும் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். இத்தனைக்கு மேல் இருந்தால் கேடு என்ற வரம்பை உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. வகுக்கச் சான்று போதாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. எண்ணிக்கையும் சன்னல் திறந்திருந்ததா, பெருக்கினார்களா என்பதைப் பொறுத்து மணிக்கு மணி மாறும். ஆய்வுகளில் நோயோடு நன்றாக ஒத்துப்போனவை கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை, சுவரின் ஈரக்கறை, மூக்குக்குத் தெரியும் வாடை ஆகியவைதாம். உங்கள் கண்ணும் மூக்கும் போதும். வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சையா உப்பா என்று சந்தேகம் வந்தால் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. உப்பாகவே இருந்தாலும் அது சுவருக்குள் தண்ணீர் ஓடுவதற்கு அடையாளம்தான்.

ஈரத்தின் இடமே அதன் காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கூரையின் அடியில் வட்டக் கறை என்றால் மொட்டைமாடித் தட்டோடுகளின் இணைப்பு விட்டிருக்கும், அல்லது மழைநீர்க் குழாயின் வாய் அடைபட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு விழுவதும் சகஜம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பட்டையாக ஈரம் ஏறியிருந்தால் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத் தடுப்புப் பூச்சு இல்லை, அல்லது சாலையை உயர்த்தி உயர்த்தி வீட்டுத் தரை தாழ்ந்துபோய்விட்டது. மழை இல்லாத மாதத்திலும் சுவர் நனைந்தே இருந்தால் மறுபக்கம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ் இடுக்கோ உள்ளே புதைத்த குழாயோ கசிகிறது. சன்னலைச் சுற்றி என்றால் சன்ஷேடில் வெளிப்பக்கச் சரிவு இல்லை. வெளியிலிருந்து வருகிறதா, உள்ளே படிகிறதா என்று புரியாவிட்டால், ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம், வியர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் நீராவி படிகிறது.

இப்படிப் படிவதற்கு நம் ஊரில் முக்கியக் காரணம் ஏசி. சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி திவலையாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, ஆண்டின் பெரும்பகுதி 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அறையை 18 டிகிரியில் வைத்தால் அதன் சுவர், தளம் எல்லாம் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடும். காலையில் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று புகுந்து அவற்றில் வியர்க்கிறது. சுவரின் மறுபக்கத்து ஏசி இல்லாத அறையிலும் இதே நடக்கிறது. ஏசியை 25, 26 டிகிரியில் வைத்து, மேலே மின்விசிறியை ஓடவிடுங்கள். பீரோவையும் கட்டிலின் தலைமாட்டையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் துணியை அறைக்குள் காயப்போட வேண்டியிருந்தால் அந்த அறையின் கதவை மூடி, சன்னலையோ எக்ஸாஸ்ட் விசிறியையோ பயன்படுத்துங்கள். மழை பெய்யும்போது மூடுவதும் வெயில் எட்டிப் பார்த்த உடனே எல்லாவற்றையும் திறந்துவிடுவதும் செலவில்லாத வைத்தியம்.

சுத்தம் செய்யும் முறை

தண்ணீர் வழியை அடைக்காமல் பூஞ்சையைத் துடைப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது. ஆகவே முதலில் பழுது, பிறகு உலர்த்தல், அதன் பிறகே துடைப்பு. பூஞ்சைப் பரப்பு மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் வீட்டில் உள்ளவரே செய்துகொள்ளலாம். பெரிய பரப்பு, சாக்கடை கலந்த வெள்ளம் புகுந்த வீடு என்றால் அனுபவமுள்ள ஆட்களை வையுங்கள். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியோர் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். காய்ந்த நிலையில் துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். லட்சக்கணக்கான வித்துக்களை நாமே வீடு முழுக்கப் பரப்பியது போலாகிவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மின்விசிறி போட்டு முழுக்கக் காயவிடுங்கள். தண்ணீர் குடித்த பஞ்சு மெத்தை, ஊறிப் பிரிந்த பிளைவுட், ஜிப்சம் பலகை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் புகுந்த சென்னை வீடுகளில் மெத்தையைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தியவர்கள் பலர். விலையைப் பார்த்தால் மனம் வராதுதான். ஆனால் அந்தப் பஞ்சுக்குள் போன பூஞ்சை வெயிலில் வெளியே வராது.

பிளீச்சிங் பவுடர் வேண்டாமா என்று கேட்பீர்கள். டைல்ஸ், கண்ணாடி போன்ற வழுவழுப்பான பரப்பில் அது பயன்படும். பூச்சுச் சுவரிலும் மரத்திலும் மேலே நிறத்தை வெளுக்குமே தவிர, உள்ளே இறங்காது. நிறம் போனதைக் கண்டு பூஞ்சையே போய்விட்டதாக நினைத்துவிடுவோம். அதைவிடப் பெரிய ஆபத்து கலப்பது. பிளீச்சிங்கோடு டாய்லெட் கழுவும் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது பூஞ்சையைவிடப் பலமடங்கு விரைவாக நுரையீரலைச் சுடும். சாம்பிராணிப் புகை வாடையை மறைக்கும், ஆஸ்துமாக்காரருக்குக் கூடுதல் தொல்லை தரும். ஏர் பியூரிஃபையர் காற்றில் மிதக்கும் வித்துக்களைப் பிடிக்கும், சுவரை உலர்த்தாது. பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட் நல்லதுதான், ஆனால் முழுக்க உலர்ந்த சுவரில் அடித்தால் மட்டும். ஈரச் சுவரில் அடித்த எந்தப் பெயின்ட்டும் அடுத்த மழையில் கொப்புளம்தான்.

மருத்துவரிடம் எப்போது

வெளியூர் போனால் நான்கு நாளில் இருமல் குறைகிறது, வீடு திரும்பிய இரவே தொடங்குகிறது என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டின் நிலையை அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள், செல்பேசியில் சுவரின் படம் இருந்தால் காட்டுங்கள். மாதக்கணக்கில் வறட்டு இருமலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கலும் இருப்பவர், கூலரோ ஈரமோ உள்ள அறையில் படுப்பவர் என்றால், நுரையீரல் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸைத் தொடக்கத்தில் பிடித்தால் திருப்பலாம், திசு தழும்பேறிய பிறகு முடியாது. ஆஸ்துமா மருந்துக்குக் கட்டுப்படாமல், கெட்டியான பழுப்பு நிறச் சளித் துண்டுகள் வந்தால், அது அஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஏபிபிஏ என்ற ஒவ்வாமை நோயாக இருக்கலாம். இதன் எக்ஸ்ரே நிழல் காசநோய் போலவே தோன்றுவதால், நம் நாட்டில் பலர் சளியில் காசக் கிருமி இல்லாமலே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் சரியான நோய் தெரியவந்திருக்கிறது. அஸ்பெர்ஜில்லஸுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனை இங்கே வழிகாட்டும். பரிசோதனைக்குக் கொடுக்கும் பணம் சுவருக்கு வீண், நோயாளிக்கு வீணல்ல.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் இருந்த பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடும் சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தந்தை 2017 முதலே புகார் சொல்லிவந்தார். வீட்டு உரிமையாளர் தரப்பினர் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள், குடும்பம் வாழும் முறையைக் குறை சொன்னார்கள். இன்று அவாப் சட்டம் என்ற பெயரில், அங்குள்ள சமூக வீட்டு உரிமையாளர்கள் கடும் ஈர, பூஞ்சைப் புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும் என்ற விதி 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. நமக்கு அப்படியொரு கெடு இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், குடியிருப்பவரால் வந்த சேதம் நீங்கலாகக் கட்டடப் பழுதை உரிமையாளரின் பொறுப்பாகவே வைக்கிறது. எனவே தேதியிட்ட படங்களோடு எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது வெள்ளையடித்துத் தாருங்கள் என்று கேட்காதீர்கள். ஒழுக்கை அடைத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் அதையே கொத்தனாரிடம் கேட்கட்டும். அதற்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. மொட்டைமாடி காய்ந்து கிடக்கும் அப்போது செய்யாத வேலையை ஐப்பசியில் யாராலும் செய்ய முடியாது.